முழங்கை நரம்பு ஆபரேசன்: சுகம் எப்போது வரும்?



இந்த இதழின் சுகாதாரப் பாடத்தில் கையைப் பற்றிப் பேசப் போகிறோம். கொழுந்து பறிக்கிறதும், கவ்வாத்து வெட்டுகிறதும், ஸ்டோரில் தூள் அள்ளுகிறதும், வீட்டில் ரொட்டி தட்டுகிறதும் கைதான். கை படுத்தால் குடும்பமே படுத்துவிடும். ஆகவே இந்தப் பாடத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் படிக்கத் தெரியாதவர்களுக்கு லயத்தில் வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இந்தப் பாடத்தை எழுதக் காரணம் இரண்டு பேர். பெயர் வேண்டாம். ஒருவர் டிக்கோயா பக்கத்துத் தோட்டமொன்றில் கவ்வாத்து வெட்டும் அண்ணன். சுண்டு விரல் மரத்துப்போய், ஒரு பெரிய வைத்தியசாலையில் முழங்கையில் ஆபரேசன் செய்துகொண்டார். மூன்றாவது வாரம் எங்களைப் பார்க்க வந்தார். “வெல்பெயார் ஐயா, கையைக் கிழிச்சுத் தச்சு விட்டாங்க. மூணு வாரமாச்சு. விரலு இன்னும் மரமரன்னுதான் கெடக்கு. சும்மா போயி வெட்டுப்பட்டு வந்தேன்” என்று சொன்னார். பிரட்டுக்களத்திலும் அதையே சொன்னார்.

மற்றவர் அதே தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் அக்கா. அவருக்கும் அதே வியாதி. கிளினிக்கில் ஆபரேசனுக்குத் திகதி கொடுத்திருந்தார்கள். அண்ணன் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் போகவில்லை. “அவருக்கே சொகமாகல்லையாம். நான் ஏன் போயி கைய வெட்டிக்கணும்? பேரும் போகும், கையும் போகும்” என்றார்.

இரண்டு பேர் மீதும் குற்றமில்லை. ஆபரேசன் முடிந்தால் சுகம் எந்த வரிசையில் வரும், எத்தனை நாளில் வரும் என்று அவர்களுக்குப் புரியும்படி யாரும் சொல்லவில்லை. நாங்களும் அன்று சரியாக அறிந்திருக்கவில்லை. பிறகு வைத்தியர்களிடமும் பிசியோதெரபி செய்பவர்களிடமும் கேட்டுப் படித்துக்கொண்டதை இங்கே எழுதுகிறோம்.

1. அது எந்த நரம்பு?

முழங்கையைச் சுவரில் இடித்துக்கொண்டால் சுண்டு விரல் வரை கரண்ட் அடித்த மாதிரி சுள்ளென்று ஓடுமே, அது எலும்பு வலி இல்லை. முழங்கையின் உள்பக்க எலும்பு முட்டுக்குப் பின்னால் ஒரு பள்ளம் உண்டு. அந்தப் பள்ளத்தில், தோலுக்குக் கொஞ்சம் கீழேயே ஒரு நரம்பு ஓடுகிறது. வைத்தியர்கள் அதை அல்நார் நரம்பு என்பார்கள். கழுத்திலிருந்து புறப்பட்டு, கையின் உள்பக்கமாக இறங்கி, முழங்கைப் பள்ளத்தைக் கடந்து உள்ளங்கைக்குப் போகிறது.

இதற்கு இரண்டு வேலை. ஒன்று, சுண்டு விரலிலும், மோதிர விரலில் சுண்டு விரல் பக்கத்துப் பாதியிலும் சூடு, குளிர், தொடுகை எல்லாவற்றையும் மூளைக்குச் சொல்வது. இரண்டாவது, கையிலுள்ள சின்னச் சின்னத் தசைகளில் பெரும்பாலானவற்றை இயக்குவது. விரல்களை விரிக்க, சேர்க்க, பெருவிரலால் அழுத்திப் பிடிக்க இந்த நரம்பு வேண்டும். சட்டைப் பொத்தான் போட, பூட்டில் சாவி திருப்ப, கத்திப் பிடியை இறுக்க எல்லாம் இதன் தயவுதான்.

2. ஏன் நசுங்குகிறது?

முழங்கைப் பள்ளத்தின் மேலே பட்டை போல ஒரு இறுக்கமான சவ்வு மூடியிருக்கிறது. கையை மடக்கும்போது அந்தச் சவ்வு இறுகுகிறது, உள்ளே இடம் சுருங்குகிறது, நரம்பும் இழுபடுகிறது. கையை நீட்டினால் இளகும். ஆகவே நெடுநேரம் மடக்கியே வைத்திருப்பதுதான் இந்த நரம்புக்கு ஆகாத காரியம்.

நம் பழக்கங்களை எண்ணிப் பாருங்கள். தலைக்குக் கீழே கையை மடக்கி வைத்துத் தூங்குகிறோம். மேசையிலோ ஜன்னல் கட்டையிலோ முழங்கையை ஊன்றி உட்காருகிறோம். போனைக் காதில் வைத்து அரை மணி நேரம் பேசுகிறோம். இடுப்பில் பிள்ளையை ஒரே கையில் தூக்கி வைத்திருக்கிறோம். மலையிலும் முழங்கையை மடக்கி மடக்கித்தான் வேலை. கவ்வாத்துக் கத்தியை இறுக்கிப் பிடித்து நாள் முழுக்க வீசுகிறவர்களுக்கு முழங்கையில் பாரம் அதிகம். ஆனாலும் வேலை மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது. சின்ன வயதில் கொய்யா மரத்திலிருந்து விழுந்து முழங்கை முறிந்து கோணலாகப் பொருந்தியவர்களுக்கு, பல வருடம் கழித்தும் இந்த வியாதி வரலாம். சீனி வியாதி உள்ளவர்களின் நரம்பு சீக்கிரம் பாதிக்கப்படும்.

கையில் நரம்பு நசுங்கும் வியாதிகளில் மணிக்கட்டில் நசுங்குவதுதான் முதலிடம். அதற்கு அடுத்தது முழங்கையில் நசுங்கும் இந்த வியாதி. உலகமெங்கும் உள்ளது. நம் பக்கத்தில் பலர் “பனிக்கு வெறைக்குது”, “வாயு புடிச்சிருக்கு” என்று எண்ணெய் தேய்த்து விட்டுவிடுகிறார்கள். பனிக்கு விறைத்தால் பத்து விரலும் விறைக்கும். சுண்டு விரலும் பக்கத்து விரலில் பாதியும் மட்டும் மரத்தால் அது பனி இல்லை.

3. ஆபரேசனில் என்ன செய்கிறார்கள்?

ஆரம்பத்திலேயே கண்டுகொண்டால் பலருக்கு ஆபரேசன் தேவைப்படாது. இரவில் முழங்கையை மடக்காமல் வைத்திருப்பதும், ஊன்றாமல் இருப்பதும் போதுமாகிவிடும். அதற்கும் அடங்காமல் மரமரப்பு எந்நேரமும் இருந்தால், அல்லது கைத்தசை மெலிய ஆரம்பித்தால்தான் ஆபரேசன் பற்றிப் பேசுவார்கள். அதற்கு முன் பெரிய வைத்தியசாலைகளில் நரம்பில் சின்னதாக மின்சாரம் விட்டு, அது எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று சோதிப்பார்கள். கொஞ்சம் சுள்ளென்று இருக்கும், ஆபத்தில்லை.

ஆபரேசன் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, நரம்பை இறுக்கும் பட்டையை மட்டும் வெட்டி விடுவது. இங்கிலாந்து வைத்தியர் ஒஸ்போர்ன் இதைப் பற்றி 1957இல் எழுதினார். அந்தப் பட்டைக்கே இன்று அவர் பெயர்தான். மற்றது, நரம்பைப் பள்ளத்திலிருந்து எடுத்து முழங்கையின் முன்பக்கமாக மாற்றி வைப்பது. அமெரிக்க வைத்தியர் கேர்ட்டிஸ் 1898இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், சாதாரணமாகப் பலன் ஒரே மாதிரிதான், பட்டையை மட்டும் வெட்டுவதில் காயம் சீழ் வைப்பது குறைவு என்று கண்டிருக்கிறார்கள். நரம்பு பள்ளத்தை விட்டு நழுவுகிறவர்களுக்கும், முழங்கை கோணலானவர்களுக்கும் இடம் மாற்றி வைக்க வேண்டி வரலாம். எது என்று தீர்மானிப்பது வைத்தியர்.

இங்கே ஒன்றை நன்றாக மனதில் வையுங்கள். ஆபரேசனில் நரம்பைப் புதிதாக மாற்றுவதில்லை. நரம்பின் மேல் இருந்த பாரத்தை எடுத்து விடுகிறார்கள், அவ்வளவுதான். குணமாகிற வேலையை அதற்குப் பிறகு நரம்பேதான் செய்ய வேண்டும்.

4. சுகம் வரும் வரிசை

கவ்வாத்து அண்ணனிடம் நாங்கள் கேட்ட கேள்வி இது: “அண்ணே, கவ்வாத்து வெட்டின மறுநாள் கூடையத் தூக்கிக்கிட்டு கொழுந்து எடுக்கப் போவாங்களா?” அவர் சிரித்துவிட்டார். வெட்டிய மலை முதலில் மொட்டைக் குச்சியாகத்தான் நிற்கும். பட்டுப்போனதா என்றுகூடத் தோன்றும். பிறகு ஒரு சின்ன அரும்பு. பிறகு இலை. கொழுந்துக்கு மாதங்கள் ஆகும். வேரில் உயிர் இருந்தால் வரும். நரம்பும் அப்படித்தான்.

பலருக்குச் சுகம் இந்த வரிசையில் வரும்:

முதலாவது, இரவு வலியும், தூக்கத்தைக் கெடுக்கும் சுள் சுள்ளென்ற குத்தலும் குறையும். சிலருக்குச் சில நாளிலேயே, சிலருக்குச் சில வாரத்தில்.

இரண்டாவது, எந்நேரமும் இருந்த மரமரப்பு விட்டு விட்டு வரும். இதற்கு வாரங்கள் முதல் மாதங்கள்.

மூன்றாவது, தொட்டால் தெரியும் உணர்ச்சி திரும்பும். முதலில் கையின் மேல்பகுதி, பிறகு உள்ளங்கை ஓரம், கடைசியில்தான் விரல் நுனி.

நான்காவது, பிடி வலு. இது மெதுவாக, பல மாதத்தில்.

ஐந்தாவது, மெலிந்த தசை. இது கடைசி. சிலருக்கு முழுதாக வராது.

ஏன் இவ்வளவு நாள்? நரம்பின் மேலுறை மட்டும் கெட்டிருந்தால் சில வாரங்களிலிருந்து 3 மாதத்துக்குள் உறை திரும்ப வளர்ந்துவிடும். ஆனால் உள்ளே உள்ள இழை அறுந்திருந்தால், அது முழங்கையிலிருந்து புதிதாக வளர்ந்து வர வேண்டும். வளரும் வேகம் ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீற்றர். பெரியோர் முழம் போட்டு அளப்பார்களே, முழங்கையிலிருந்து விரல் நுனி வரை ஒரு முழம். நரம்பு போகும் தூரமும் அதுதான். சுண்டு விரல் நுனிக்கு 40 சென்ரிமீற்றர் என்று வைத்தாலும் 400 நாள் ஆகும். ஒரு வருடத்துக்கும் மேல். மூன்று வாரத்தில் இழை 2 சென்ரிமீற்றர்தான் வந்திருக்கும். அதை வைத்து ஆபரேசன் வீண் என்று தீர்ப்புச் சொல்லலாமா?

இன்னுமொரு விசயம். வழியில் சில நாள் முன்னைவிட அதிகமாக எறும்பு ஊர்வது போலவும், கரண்ட் அடிப்பது போலவும் இருக்கலாம். பயந்துவிடாதீர்கள். முதல் உலகப் போரில் காயப்பட்ட வீரர்களைக் கவனித்த பிரான்ஸ் வைத்தியர் ரினெல், 1915இல் இதை எழுதி வைத்தார். வளரும் நரம்பின் மேல் தட்டினால் விரலில் எறும்பு ஊர்வது போல் இருக்கும். மாதம் போகப் போக அந்த இடம் கை நோக்கி நகரும். இன்றும் வைத்தியர்கள் விரலால் தட்டித் தட்டிப் பார்ப்பது இதற்காகத்தான்.

தையல் போட்ட இடத்தைச் சுற்றித் தோல் மரத்திருப்பதும், தொட்டால் கூசுவதும் பலருக்கு உண்டு. அங்கே ஓடும் சின்னத் தோல் நரம்புகள் காரணம். பெரும்பாலும் மாதங்களில் அடங்கும்.

5. எவ்வளவு திரும்பும்?

உண்மையைச் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் முழுதாகத் திரும்பாது. ஆபரேசனுக்கு முன் நரம்பு எந்த நிலையில் இருந்தது, எவ்வளவு காலம் நசுங்கிக் கிடந்தது என்பதைப் பொறுத்துத்தான் பலன்.

மரமரப்பு வந்து வந்து போகும் நிலையில் செய்தவர்களுக்கு நல்ல சுகம் கிடைக்கும். எந்நேரமும் மரத்து, பிடி தளர்ந்த நிலையில் செய்தவர்களுக்குப் பெருமளவு சுகம், ஆனால் மெதுவாக. பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் சதை வற்றிக் குழி விழுந்து, கடைசி இரண்டு விரலும் கொக்கி போல் வளைந்த பிறகு செய்தவர்களுக்கு, வலியும் குத்தலும் குறையலாம், வியாதி மேலும் கூடாமல் நிற்கலாம். வற்றிய சதை திரும்புவது கடினம். தசை நரம்பில்லாமல் ஒன்றரை, இரண்டு வருடம் கிடந்தால், பிறகு நரம்பு வந்து சேர்ந்தாலும் ஏற்றுக்கொள்ளாது. மேலே சொன்ன 400 நாள் கணக்கையும் இதையும் சேர்த்துப் பாருங்கள். தாமதிக்கிற ஒவ்வொரு மாதமும் ஏன் நட்டம் என்று விளங்கும்.

குழி விழுந்தவர்களுக்கும் கதி முடிந்துவிடவில்லை. தமிழ்நாட்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்ததைச் சொல்கிறோம். தொழுநோய் அதிகமாகத் தாக்கும் நரம்புகளில் இந்த முழங்கை நரம்பும் ஒன்று. அதனால்தான் பழைய காலத்தில் அந்த நோயாளிகளின் விரல்கள் கொக்கி போல் வளைந்திருந்தன. போல் பிராண்ட் என்ற வைத்தியர், 1914இல் தமிழ்நாட்டின் கொல்லிமலையில் பிறந்தவர். இங்கிலாந்தில் படித்துவிட்டு 1946இல் வேலூருக்கு வந்தார். 1940களின் கடைசியில் அந்தக் கைகளில் ஆபரேசன் செய்யத் தொடங்கினார். கெட்டுப்போன தசைக்குப் பதிலாக, முன்கையில் நன்றாக வேலை செய்யும் ஒரு தசையின் நாரை எடுத்து விரலில் பொருத்தினார். மூடிக் கிடந்த கைகள் விரிந்தன. அவர் 2003இல் காலமானார். அந்த வகை ஆபரேசன் இன்றும் பல நாடுகளில் நடக்கிறது. நம் வைத்தியரிடமும் கேட்கலாம்.

பிராண்ட் இன்னொன்றையும் காட்டினார். அந்த நோயாளிகளின் விரல் தானாக அழுகி விழவில்லை. உணர்ச்சி இல்லாததால் சூட்டுப் பாத்திரத்தைப் பிடித்துச் சுட்டுக்கொண்டார்கள். இரவில் எலி கடித்ததும் தெரியாமல் தூங்கினார்கள். மரத்த விரலுக்குக் கண்தான் காவல். இது நமக்கும் பொருந்தும் பாடம்.

6. வீட்டில் என்ன செய்வது?

முதல் நாட்களில் கையைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். வீக்கம் குறையும். விரல்களை மணிக்கொரு தடவை மூடித் திறவுங்கள். தோளையும் அசையுங்கள்.

கட்டை நனைக்காதீர்கள். தையல் பெரும்பாலும் 10 முதல் 14 நாளில் எடுப்பார்கள். பச்சிலை, மஞ்சள், எண்ணெய் எதையும் காயத்தில் வைக்க வேண்டாம்.

முழங்கையை எப்போது மடக்கி நீட்டலாம் என்பது ஆபரேசனைப் பொறுத்தது. பட்டையை மட்டும் வெட்டியிருந்தால் சீக்கிரமே மெதுவாக அசைக்கச் சொல்வார்கள். இடம் மாற்றி வைத்திருந்தால் சில வாரம் மட்டை கட்டி வைக்கலாம். வீட்டுக்கு வரும் முன் இதைக் கேட்டு, துண்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கட்டு அவிழ்த்த பின், இரவில் முழங்கையைச் சுற்றித் துவாயொன்றைத் தளர்வாகச் சுற்றிக் கட்டித் தூங்கலாம். கை முழுதாக மடங்காது. இறுக்கிக் கட்ட வேண்டாம். தையல் ஆறிய பின் தழும்பை மெதுவாக நீவி விடலாம். சுளுக்கு எடுப்பவரிடம் கொடுத்து அழுத்தித் தேய்க்க வேண்டாம்.

அடுப்படியில் கவனம். மரத்த கையால் ரொட்டிச் சட்டியை, கேத்தலைப் பிடிக்க வேண்டாம். துணி வைத்துப் பிடியுங்கள். வெந்நீரின் சூட்டை மற்றக் கையால் பாருங்கள். சூட்டு ஒத்தடம் வேண்டாம், வெந்தாலும் தெரியாது. தினமும் இரவில் விளக்கு வெளிச்சத்தில் விரலைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள்.

சீனி வியாதி உள்ளவர்கள் மருந்தை விடாதீர்கள். புகையும் குடியும் நரம்புக்குப் பகை. “நரம்பு ஊசி போட்டா சரியாகிரும்” என்று சிலர் சொல்வார்கள். உடம்பில் விற்றமின் குறைந்தவர்களுக்குத்தான் அது உதவும். நசுங்கிய நரம்பை எந்த ஊசியும் விடுவிக்காது.

7. உடனே போக வேண்டியவை

காய்ச்சல், காயம் சிவந்து சூடாவது, சீழ், நாற்றம், விரல் நீலம் பாய்வது, கட்டு இறுகித் தாங்க முடியாத வலி, முன்பு அசைந்த விரல் திடீரென அசையாமல் போவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் கிளினிக் நாள் வரும் வரை பார்த்திருக்க வேண்டாம். அன்றே போங்கள்.

8. மாதங்கள் போயும் சுகமில்லை என்றால்

மூன்று மாதம், ஆறு மாதம் கழித்தும் இரவு வலிகூடக் குறையவில்லை, வலு கூடவில்லை, அல்லது கொஞ்சம் சுகமாகித் திரும்ப வந்தது என்றால் பேசாமல் இருக்காதீர்கள். நரம்பு வேறோரிடத்தில், கழுத்திலோ மணிக்கட்டிலோ நசுங்கியிருக்கலாம். தழும்பு இறுக்கியிருக்கலாம். பட்டை முழுதாக விடுபடாமல் இருக்கலாம். சீனி வியாதி காரணமாக இருக்கலாம். உடம்பில் உணர்ச்சி இல்லாத தேமல் இருந்தால் அதையும் மறைக்காமல் காட்டுங்கள். தொழுநோய்க்கு இன்று நல்ல மருந்து உண்டு. இலங்கையில் 1983 முதல் கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசமாகக் கொடுக்கிறார்கள். முழுதாகக் குணமாகும். வெட்கப்பட ஒன்றுமில்லை. மறைத்தால்தான் கை போகும்.

9. எங்கே போவது? வேலை என்னாவது?

முதலில் தோட்டத்து மருந்துக் காம்பராவில் காட்டித் துண்டு வாங்குங்கள். அடுத்தது டிக்கோயா ஆதார வைத்தியசாலை. கிளங்கன் ஆஸ்பத்திரி என்று நாம் சொல்வது அதைத்தான். இந்திய உதவியுடன் கட்டிய அதன் 150 கட்டில் கொண்ட புதிய கட்டடம் 2017 மே மாதம் திறக்கப்பட்டது. அங்கிருந்து தேவையானால் நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ அனுப்புவார்கள். அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சைக்குப் பணம் இல்லை. பஸ் செலவும் போகும் பேரும்தான் நம் கவலை. அது உண்மையான கவலைதான், இல்லை என்று சொல்ல மாட்டோம். ஆனால் சில வாரப் பேரைக் காப்பாற்றப் போய் வாழ்நாள் முழுக்கக் கத்தி பிடிக்க முடியாமல் போவதை எண்ணிப் பாருங்கள்.

இலேசான வேலைக்குச் சில வாரத்தில் போகலாம். கவ்வாத்து, முள்ளுக் குத்து, கான் வெட்டு போன்ற பாரமான வேலைக்கு ஒன்றரை முதல் மூன்று மாதம் வரை ஆகலாம். வைத்தியரிடம் இலேசான வேலை என்று எழுதி வாங்கி வந்து கொடுத்தால், துரையிடம் பேசுவதற்கு எங்களுக்கும் வசதி. வேலை நேரத்தில் விழுந்து முழங்கையில் அடிபட்டால் அன்றே கணக்கப்பிள்ளையிடம் சொல்லிப் பதிய வையுங்கள். 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இப்படியான விபத்துக்களுக்காகத்தான் இருக்கிறது. பதியாத விபத்தைப் பிறகு நிரூபிப்பது கஷ்டம்.

10. வீட்டிலேயே ஒரு சோதனை

ஒரு துண்டுக் காகிதத்தைப் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் நடுவில், சாவியைப் பிடிப்பது போல் பிடியுங்கள். மற்றவர் இழுக்கட்டும். பெருவிரலின் நுனி மூட்டு மடங்கினால்தான் பிடிக்க முடிகிறது என்றால் அந்த நரம்பு தளர்ந்திருக்கலாம். மற்றக் கையோடு ஒப்பிடுங்கள். இது முதல் உலகப் போர்க் காலத்தில் பிரோமான் என்ற பிரான்ஸ் வைத்தியர் சொன்ன சோதனை. வித்தியாசம் தெரிந்தால் மருந்துக் காம்பராவுக்குப் போங்கள்.

ஆபரேசன் செய்தவர்கள் மாதம் ஒரு தடவை பழைய கலண்டர் தாளின் பின்னால் மூன்று விசயம் எழுதி வையுங்கள்: இரவில் எத்தனை தடவை விழித்தேன், எந்த இடம் வரை உணர்ச்சி இருக்கிறது, பொத்தான் போட முடிகிறதா. தினமும் பார்த்தால் முன்னேற்றம் தெரியாது. மாதக் கணக்கில் பார்த்தால் தெரியும். கிளினிக்கிலும் அதைக் காட்டலாம்.

முடிவாக

கவ்வாத்து அண்ணன் அப்படித்தான் எழுதினார். மகள் எழுதிக் கொடுத்தாள். முதல் மாதத் தாளில் “ராத்திரி முழிப்பு இல்லை” என்று இருந்தது. வலி போனதை அவர் சுகமாகவே கணக்கில் எடுக்கவில்லை, விரலை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். எட்டாம் மாதம் எங்களிடம் வந்து, சட்டைப் பொத்தானைத் தானே கழற்றிப் போட்டுக் காட்டினார். விரல் நுனி மட்டும் இன்னும் கொஞ்சம் மரமரப்பு என்றார். கத்திக்குத் திரும்பிவிட்டார்.

பிறகு அவரே அந்த அக்காவின் லயத்துக்குப் போனார். “நான் அவசரப்பட்டுப் பேசிட்டேன் தங்கச்சி, நீ போ” என்று சொன்னார். அக்கா போனார். ஆனால் தவறிய திகதிக்குப் பதில் இன்னொரு திகதி கிடைக்க மாதங்கள் ஆயின. அதற்குள் பெருவிரல் பக்கத்தில் குழி விழுந்துவிட்டது. ஆபரேசனுக்குப் பின் வலி போனது, தூக்கம் வந்தது, மரமரப்பும் குறைந்தது. குழி நிரம்பவில்லை. ஈரத் துணியைப் பிழிய இன்றும் மகனைக் கூப்பிடுகிறார்.

ஒரு வாய் வார்த்தைக்கு அவ்வளவு விலை. ஆகவே ஆபரேசன் செய்துகொண்டவர்கள் முதல் மாதத்தில் தீர்ப்புச் சொல்லாதீர்கள். செய்யவேண்டியவர்கள் அடுத்தவர் பேச்சைக் கேட்டுத் திகதியைத் தவறவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் பிரட்டுக்களத்தில் கேட்காமல் கிளினிக்கில் கேளுங்கள், அல்லது எங்களிடம் வாருங்கள். திகதி நாளில் கூட வர ஆள் இல்லையென்றாலும் முன்கூட்டியே சொல்லுங்கள். ஏற்பாடு செய்யப் பார்ப்போம்.

பாடத்தை மீட்டிப் பார்ப்போம்

1. முழங்கை நரம்பு நசுங்கினால் எந்த விரல்கள் மரக்கும்?
2. ஆபரேசனுக்குப் பின் முதலில் குறைவது எது? கடைசியில் வருவது எது?
3. நரம்பு இழை ஒரு நாளைக்கு எவ்வளவு வளரும்? ஒரு மாதத்துக்கு எவ்வளவு?
4. மரத்த விரலுக்குச் சூட்டு ஒத்தடம் ஏன் கூடாது?
5. எந்த அறிகுறி கண்டால் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்?

பிள்ளைகள் கேள்வியை வாசிக்க, பெரியவர்கள் பதில் சொல்லட்டும். பதில் எல்லாம் மேலே இருக்கிறது.